பட்டாணி உரிக்கும் காட்சிக்குத் தொண்ணூற்று நாலு

“பறக்குறதுக்கு முன்னாடி மூஞ்சிய அப்படிச் சுளிக்கிறாரே, அது எதுக்கு சித்தப்பா? மலச்சிக்கலா?”

“ஏ புள்ள, வார்த்தைய அளந்து பேசு. அது கோவம். ஊரையே அழிக்க வர்றவனப் பாத்தா கோவம் வராதா?”

“பத்துப் படமா அதே கோவம், அதே ஊரு. அந்த ஊர்ல இன்னும் எதுக்கு ஜனங்க குடியிருக்காங்க? வாடக கம்மியா?”

“ஒங்க பாட்டுக்காரி சாரல் மட்டும் என்னத்தக் கிழிக்குது? சளி பிடிச்ச புள்ள போன்ல பேசுற மாதிரி முனகுது. அதுக்கு ஒரு லட்சம் பேரு கையத் தூக்கிக்கிட்டு அழுவுறான்.”

“அழுவுறாங்கல்ல? ஒங்க வாயுவேகனப் பாத்து யாரு அழுதா? படம் எடுத்தவருதான் அழுதிருப்பாரு.”

சோணைமுத்து மாடிப்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு செருப்பு காலில் இருந்தது, இன்னொன்று கையில். உள்ளே மல்லுக்கு நிற்பது அவருடைய பதினேழு வயது மகள் கனிஷ்காவும் அவருடைய நண்பர் ஜெயபாண்டியும். வேறு நாளாக இருந்தால் இந்நேரம் உள்ளே பாய்ந்திருப்பார். ஏனென்றால் அவர்தான் வாயுவேகன் நற்பணி மன்றம், வில்லாபுரம் கிளை, மதுரை, தோற்றம் 2021, அதன் தலைவர். ஜெயபாண்டி செயலாளர். இந்த இருபத்து நான்கு வருஷத்தில் வாயுவேகன் முகமூடிக்குள் மூன்று நடிகர்கள் மாறிவிட்டார்கள். மன்றத்தில் தலைவரும் மாறவில்லை, செயலாளரும் மாறவில்லை.

இன்றைக்கு அவருக்கு உள்ளே போகக் கால் வரவில்லை.

“பேசு, பேசு. ஞாயித்துக்கெழம தெரியும்,” என்றார் ஜெயபாண்டி. “ஒங்கப்பா தோலு பேசும். புல்லு மீட்டரே வெடிக்கப் போகுது பாரு.”

அதைக் கேட்டதும் கையில் இருந்த செருப்பு நழுவிப் படியில் உருண்டது. இனி ஒளிந்து நிற்க முடியாது. ஒற்றைச் செருப்போடு உள்ளே போனார்.

“வாங்கண்ணே! ஒங்க மகளுக்கு விளக்கிக்கிட்டு இருக்கேன்.”

“என்னப்பா அது, புல்லு மீட்டர்?” என்றாள் கனிஷ்கா.

அப்பா பதில் சொல்வதற்குள் ஜெயபாண்டி ஆரம்பித்துவிட்டார். “கம்பெனிக்காரங்க கொண்டாந்துருக்காங்க. வாட்ச் மாதிரி கையில கட்டிக்கணும். படம் பாக்குறப்ப புல்லரிக்குதா இல்லையான்னு அளந்து நூத்துக்கு இத்தனைன்னு மார்க் போடும்.”

“அத எதுக்கு அளக்கணும்?”

“எதுக்கா? நெட்ல நம்ம படத்தப் புகழ்றதுல பத்துக்கு ஒம்பது மனுசனே கெடையாதாம். எல்லாம் மெஷின். போன மாசம் சாரல் ரசிகன் ஒருத்தன்கிட்ட மூணு நாள் விடாம சண்ட போட்டேன்ல? அதுவும் மெஷினுதான். அவன் குடும்பத்தையெல்லாம் இழுத்துப் பேசிட்டேன். கடைசில, ‘உங்கள் கருத்துக்கு நன்றி, வேறு ஏதாவது உதவி வேண்டுமா’ன்னு கேட்டுச்சு. மானமே போச்சு.”

கனிஷ்கா சிரித்துச் சிரித்துச் சோபாவில் சரிந்தாள்.

“சிரிக்காத. அதான் கம்பெனி முடிவு பண்ணிருச்சு. வாய நம்பக் கூடாது, வெரல நம்பக் கூடாது, தோல மட்டுந்தான் நம்பணும். ஞாயித்துக்கெழம கிளைத் தலைவரெல்லாம் தியேட்டர்ல ஒக்காந்து புதுப் படத்துல இருவது நிமிசம் பாக்கணும். தலைவரு அறுவது மார்க் எடுத்தா கிளைக்கு மொத நாள் மொத ஷோ. எடுக்கலேன்னா கிளையக் கலைச்சிருவாங்க. நமக்கென்ன கவல? அண்ணன் எடுக்காத மார்க்கா?”

“காபி குடிக்கிறியா ஜெயபாண்டி?” என்றார் சோணைமுத்து.

அவர் காபியே போடத் தெரியாத ஆள். மகள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அவருடைய கவலை இதுதான். பழகிப் பார்க்கச் சொல்லிக் கம்பெனி வியாழக்கிழமையே ஒரு மீட்டரை அனுப்பியிருந்தது. கையில் கட்டிக்கொண்டு வாயுவேகனின் பழைய படத்தைப் போட்டுப் பார்த்தார். வாயுவேகன் ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்துகிற இடம். தியேட்டரில் அந்த இடத்துக்கு அவர் நாற்காலியை உடைத்து அபராதம் கட்டியிருக்கிறார். மீட்டரில் பூஜ்யம். பேட்டரி போயிருக்கும் என்று நினைத்தார். சரிபார்க்க ஏதோ சாக்குச் சொல்லி ஜெயபாண்டி கையில் கட்டிவிட்டு, “வாயுவேகன்” என்று பேரை மட்டும் சொன்னார். எண்பத்து இரண்டு.

பேருக்கே எண்பத்து இரண்டு.

அதன்பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஐஸ் கட்டியை எடுத்துக் கையில் தேய்த்தார். “குளிர். கணக்கில் சேராது,” என்றது மீட்டர், ஒரு பெண் குரலில். கரண்டியால் எவர்சில்வர் தட்டைச் சுரண்டினார். “கூச்சம். கணக்கில் சேராது.” கீழ்வீட்டு நாய் தன்னைத் துரத்துவதாகக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். “பயம். கணக்கில் சேராது.” மனைவி அனுசுயா கதவைத் தட்டி, “உள்ள யாருகூடங்க பேசிக்கிட்டு இருக்கீங்க?” என்று கேட்டாள்.

அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. சில பழைய லிஃப்டில் ஒரு கோளாறு வரும். வெளியே மாடி எண் ஒன்று, இரண்டு, மூன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். உள்ளே பெட்டி நின்ற இடத்திலேயே நிற்கும். தன்னிடமும் அந்தக் கோளாறுதான் என்று அவருக்குப் பட்டது. எந்தப் படத்தோடு நின்றது? ஆறா, எட்டா? கத்தினார், விசிலடித்தார், சரவெடி கொளுத்தினார். ஒரு தடவைகூடத் தன் கையைத் திரும்பிப் பார்த்ததில்லை.

மன்றத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கல்யாணம் ஆனவன், பேரன் எடுத்தவன், ஊரைவிட்டுப் போனவன் எல்லோரும் அந்த முதல் காட்சிக்கு வந்துவிடுவார்கள். வருஷத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதே அன்றைக்குத்தான். தன் ஒரு தோலால் அத்தனையும் போய்விடும்.

சனிக்கிழமை மதியம் அவர் கூடத்தில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். மீட்டர் கையிலேயே இருந்தது. அறைக்குள் கனிஷ்கா பாட்டுப் போட்டிருந்தாள். அவளுடைய சாரல்தான். ‘சேந்துட்டியான்னு கேக்க ஒரு குரல் போதும்’ என்று ஒரு வரி வரும். இசை எல்லாம் நின்று அந்தக் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். அவர் மகளுடைய சட்டையைக் கையில் வைத்திருந்தார். ஜூன் மாதம் அவள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகிறாள்.

மீட்டர் கிணுகிணுவென்று மணியடித்தது. தொண்ணூற்று ஒன்று.

கனிஷ்கா ஓடி வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். அத்தனை மயிரும் நட்டுக்கொண்டு நின்றது.

“அப்பா!”

“காத்து.”

“சன்னல் சாத்தியிருக்குப்பா.”

“அப்ப... வெயிலு.”

“வில்லாபுரம் மன்றத் தலைவருக்கு சாரல் பாட்டுக்குப் புல்லரிக்குது! இப்பவே சித்தப்பாவுக்கு போன் போடுறேன்.”

“கனி, கனி, கனி! ஒன் கால்ல வேணா விழுறேன்.”

அப்புறம்தான் அவர் எல்லாவற்றையும் சொன்னார். பூஜ்யம், ஐஸ் கட்டி, நாய் எல்லாம். அவள் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். நகத்தைக் கடித்துக்கொண்டே, “காதுல ஒண்ணு மாட்டி விடுறேன். படம் ஓடட்டும். நீங்க பாட்டக் கேளுங்க,” என்றாள்.

“அது ஏமாத்து வேலையில்லையா?”

“புல்லரிக்கிறது நெசந்தானப்பா?”

அவர் கையில் இருந்த சட்டையை இன்னொரு தடவை மடித்தார்.

“ஆனா ரெண்டு கண்டிஷன்,” என்றாள். “மொத ஷோவுக்கு நானும் வருவேன். இப்ப, சாரல்தான் பெரிய ஸ்டாருன்னு மூணு வாட்டி சொல்லணும்.”

சோணைமுத்து மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை தெருவில் யாராவது போகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பொன்மீனா தியேட்டர். கம்பெனியிலிருந்து தர்ஷனா என்று ஒரு பெண் வந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மீட்டரை அவர் கையில் கட்டிக்கொண்டே பேசினாள்.

“ஒவ்வொரு முடிக்குக் கீழயும் ஒரு குட்டித் தசை இருக்கு அங்கிள். அது நம்ம பேச்சக் கேக்காது. கைய ஆட்டுன்னா ஆட்டலாம், சிரின்னா சிரிக்கலாம். புல்லரின்னு சொன்னா புல்லரிக்காது. ஒடம்புல பொய் சொல்லத் தெரியாத எடம் அது ஒண்ணுதான். ஆமா, காதுல என்ன அங்கிள்?”

“காது மெஷினும்மா. லிஃப்ட் மோட்டார் சத்தத்துல கொஞ்சம் மந்தமாயிருச்சு.”

“ஐயோ, பாவம். நீங்க கவலப்படாதீங்க, சத்தத்தக் கூட்டி வைக்கச் சொல்றேன்.”

கூட்டி வைத்தார்கள். நாற்காலி அதிர்ந்தது. வாயுவேகன் பாலத்தின் மேல் நாற்பது பேரை அடித்தார். அந்த இரைச்சலுக்கு நடுவே சோணைமுத்து காதைப் பொத்தி சாரலைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் அப்போதுதான் பாட்டின் ஆரம்பத்தில் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டிருந்தாள். மீட்டரில் ஒன்றும் இல்லை. அவருக்கு வேர்த்தது. பாலம் இடிந்தது, கப்பல் எரிந்தது, வில்லன் மூன்றாகப் பிரிந்தான். சாரல் இன்னும் முனகலை முடிக்கவில்லை.

பிறகு திரையில் சத்தம் அடங்கியது. வாயுவேகன் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து மனைவியோடு பச்சைப் பட்டாணி உரித்தார். வெட்டி ஒட்டாத காட்சி என்பதால் உரித்துக்கொண்டே இருந்தார். அந்த அமைதியில், காதுக்குள், ‘சேந்துட்டியான்னு கேக்க ஒரு குரல் போதும்.’

தொண்ணூற்று நாலு. தமிழ்நாட்டிலேயே முதலிடம்.

வெளியே ஜெயபாண்டி அழுதே விட்டார். “சொன்னேன்ல! எங்க தலைவரு ரத்தத்துலயே வாயுவேகன் ஓடுறாருன்னு சொன்னேன்ல!” பையன்கள் சரவெடியைப் பிரித்தார்கள். தர்ஷனா மட்டும் கையில் இருந்த பலகையில் கோடுகளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். அவரைத் தூணுக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டாள்.

“அங்கிள், சண்டைக்கு ஒங்களுக்கு ஒண்ணுமே இல்ல. பட்டாணி உரிக்கிற எடத்துல உச்சத்துக்குப் போயிருக்கு. எப்படி?”

சோணைமுத்து வாயில் வந்ததைச் சொன்னார். “சண்டையெல்லாம் எவ்வளவோ பாத்தாச்சும்மா. வீட்டுக்குப் போனா அவரு என்ன பண்ணுவாருன்னுதான்... அதத்தான் யாரும் காட்டல.”

தர்ஷனா அவரைக் கண் கொட்டாமல் பார்த்தாள். “இதத்தான் அங்கிள் நாங்க தேடிக்கிட்டு இருந்தோம்.”

“என்னது?”

“யார்கிட்டயும் சொல்லாதீங்க. மார்க் போடுறது சும்மா. யாரு நெசமான ரசிகர்னு கண்டுபிடிச்சு, அவங்க தோலு ஏறி எறங்குற தாளத்துக்குத்தான் முழுப் படத்தையும் மெஷின் வெட்டும். தோலு எங்க நிக்குதோ அங்க படம் நிக்கும். தோலு எங்க தூங்குதோ அத வெட்டிரும். வாயுவேகன் பதினொண்ணு இனிமே ஒங்க படம் அங்கிள்.”

 சோணைமுத்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். பின்னாலிருந்து வந்த ஜெயபாண்டி திறந்த வாயில் ஒரு முழு லட்டைத் திணித்தார். அதை மென்று முடிப்பதற்குள் பையன்கள் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

தூக்கியபோது அவருக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு மாதம் கழித்து வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் காட்சி. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். திரையில் முதல் அட்டையே ‘சிறப்பு நன்றி: சோணைமுத்து, வில்லாபுரம்’ என்று வந்தது. விசில் சத்தத்தில் கூரை பெயர்ந்துவிடும் போலிருந்தது. ஜெயபாண்டி எழுந்து நின்று மேலே பூ வீசினார்.

படம் ஆரம்பித்தது. பாலத்துச் சண்டை வந்தது. வாயுவேகன் கையை ஓங்கினார். அடி விழவில்லை. அடுத்த காட்சியில் நாற்பது பேரும் படுத்துக் கிடந்தார்கள். வில்லன் மூன்றாகப் பிரிவதற்குள் செத்துப் போனான். அப்புறம் பட்டாணி. ஒன்பது நிமிஷம் பட்டாணி. பக்கத்தில் வைத்து, தூரத்தில் வைத்து, மேலிருந்து, ஒவ்வொரு பட்டாணியாக. கடைசியில் வாயுவேகன் மனைவி தோலையெல்லாம் அள்ளி முறத்தில் போட்டாள். அதை மெதுவாக ஓட விட்டிருந்தார்கள்.

தியேட்டரில் ஒரு சத்தமும் இல்லை. பூ வைத்திருந்தவர்கள் மடியில் பூவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கனிஷ்காவின் விரல்கள் மட்டும் நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. திடீரென்று அவர் காதருகில் வந்தாள். “அப்பா, இது ஒங்க காதுல போட்டு விட்ட சாரல் பாட்டு. அதே தாளத்துல வெட்டியிருக்காங்க. இப்ப மொகத்துக்குப் போவாங்க பாருங்க. ஒண்ணு, ரெண்டு...” முகத்துக்குப் போனார்கள். “எனக்கு அழுக வருதுப்பா. நல்லாருக்கு.”

சோணைமுத்து தன் கையைப் பார்த்தார். மயிரெல்லாம் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

விளக்குப் போட்டார்கள். அடி விழும் என்று நினைத்துத் தோளைக் குறுக்கிக்கொண்டார். யாரும் திட்டவில்லை. முதலில் யாரோ ஒருவன், “புல்லரிச்சிருச்சுண்ணே,” என்றான். பக்கத்தில் இருந்தவன் அவசரமாக, “எனக்கு ரெண்டு வாட்டி,” என்றான். தலைவருக்கே தொண்ணூற்று நாலு வந்த படம் அது. தனக்கு வரவில்லை என்று சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் இல்லை. எல்லோரும் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே வெளியே போனார்கள். ஜெயபாண்டி முழுக்கைச் சட்டையின் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

படம் ஓடியது. சாரல் ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்து அழுதுவிட்டுப் போனார்கள். ஏன் அழுகிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது. விமர்சனம் எழுதுகிறவர்கள், வாயுவேகன் மனிதனாகிவிட்டான் என்று எழுதினார்கள். பன்னிரண்டாம் பாகத்துக்கும் சோணைமுத்துவின் தோல்தான் என்று தர்ஷனா போன் செய்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஜெயபாண்டி வீட்டுக்கு வந்தார். கனிஷ்கா எதிரே வந்தும் சண்டைக்கு இழுக்கவில்லை. “பாப்பா, நீ கொஞ்சம் உள்ள போத்தா,” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“என்ன ஜெயபாண்டி?”

“ஒண்ணுமில்லண்ணே.” சட்டைக் கையை மேலே ஏற்றினார். மணிக்கட்டில் மீட்டர் இருந்தது. “கம்பெனிப் புள்ளகிட்டக் கேட்டு வாங்குனேன். நாலு வாட்டி பாத்துட்டேண்ணே, படத்த. நாலு வாட்டியும் சைபர். மொதல்ல பேட்டரின்னு நெனச்சேன்.”

சோணைமுத்து அந்த மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தார்.

“முந்தியெல்லாம் பேரச் சொன்னாலே எனக்கு ஏறும். நீங்களே கட்டிப் பாத்தீங்கள்ல? இப்பப் பேரச் சொன்னாலும் ஏற மாட்டேங்குது. பேரக் கேட்டாப் பட்டாணி ஞாபகம் வருதுண்ணே. எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. ரசிகனே இல்லாமப் போயிட்டேனோன்னு பயமா இருக்கு. வெளிய சொல்ல முடியல. வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லல. ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன்.”

அறைக்குள் பாட்டுச் சத்தம் நின்றது. கனிஷ்கா கதவுக்குப் பின்னால் நிற்பது சோணைமுத்துவுக்குத் தெரிந்தது.

ஜெயபாண்டி சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவும் சின்ன நோட்டும் எடுத்தார். நோட்டில், ‘பட்டாணி, ஒன்பது நிமிஷம்’ என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இழுத்திருந்தது.

“நாளைக்கு மறுபடி டிக்கெட் போட்டிருக்கேன். அந்த சீன்ல ஒங்களுக்குச் சரியா எந்த எடத்துலண்ணே ஏறுச்சு? தோல உரிக்கையிலயா, பட்டாணி பாத்திரத்துல விழுகையிலயா? சொல்லுங்க, நானும் அங்கயே பாக்குறேன். சரியான எடத்தப் பாக்காமத்தான் விட்டுட்டேன்னு நெனைக்கிறேன்.”

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்.

உண்மையைச் சொன்னால் ஜெயபாண்டிக்கு அவருடைய எண்பத்து இரண்டு திரும்பக் கிடைக்கலாம். ஆனால் இருபத்து நான்கு வருஷத்துத் தலைவர் போய்விடுவார், மன்றமும் போய்விடும். சொல்லாவிட்டால் மன்றம் இருக்கும், தலைவர் இருப்பார், இந்த மனிதர் மட்டும் தன் கையைப் பார்த்துப் பார்த்துத் தேய்ந்து போவார். இதைப் படிக்கிற நீங்களும் யாருக்காவது நற்பணி மன்றத்தில் இருந்திருப்பீர்கள், இல்லை யார் பாட்டுக்காவது அழுதிருப்பீர்கள். ஜெயபாண்டி இன்னும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். சோணைமுத்து அவருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும்? தயவுசெய்து உங்கள் மனதில் பட்டதைக் கீழே எழுதுங்கள். ஒரு வரி போதும். ஆனால் மெஷினை எழுதச் சொல்லாமல் நீங்களே எழுதுங்கள்.